சிராவஸ்திக்கு இருபத்திரண்டு பேர்

விசாவுக்காக வந்திருந்த கடப்பிதழ்ப் பிரதிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஷாமினி அந்தப் பெயரைப் பார்த்தாள். பவுனம்மாள். வயது எழுபத்து மூன்று. கிள்ளான். படத்தில் தலை முழுதும் நரைத்திருந்தது. நிமிர்ந்த கழுத்தும் ஆளைக் கீழாகப் பார்க்கிற அந்தப் பார்வையும் மட்டும் மாறவில்லை.

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். தனியாக உட்கார்ந்து சிரிப்பதை எதிர்த் தையற்கடைக்காரர் பார்க்க வேண்டாமே என்றுதான்.

ஷாமினியின் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. பதினோரு வருடமாகப் புத்தர் நடந்த ஊர்களுக்கு ஆட்களைக் கூட்டிப்போய்க் கூட்டி வருகிறாள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சீனர்கள், மிச்சம் சிங்களவர்கள். இந்த வருடம்தான் முதல் தடவையாகக் கிள்ளானிலிருந்து ஒரு தமிழ்க் குழு, இருபத்திரண்டு பேர். காசி, கயா, அயோத்தி என்று கேட்டுத்தான் வந்தார்கள். அயோத்தியிலிருந்து மூன்று மணி நேரம் வண்டியில் போனால் சிராவஸ்தி. "அதையும் போட்டுருங்கலா, புண்ணியம் எங்க கிடைச்சா என்ன?" என்று குழுவைச் சேர்த்த லெட்சுமி அக்கா சொல்லிவிட்டாள்.

புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரையும் வரவழைத்துப் போகிற ஊர்களின் கதையைச் சொல்வது ஷாமினியின் வழக்கம். வரலாறு படித்தவள். கதை தெரியாமல் போனால் அங்கே வெறும் செங்கல்தான் தெரியும் என்பாள். அதிலும் சிராவஸ்தி அவளுக்குச் செல்ல ஊர். கோசல நாட்டின் தலைநகராக இருந்தது, ஒரு வணிகர் தோட்டம் முழுக்கப் பொன்னைப் பரப்பி அந்த மண்ணைப் புத்தருக்காக வாங்கியது, புத்தர் இருபத்தைந்து மழைக்காலம் போல அங்கேயே தங்கியது, எல்லாம் சொல்வாள். ஒரே ஒரு கதையை மட்டும் விட்டுவிடுவாள். அந்த ஊர் அரசனின் மகன் விடூடபனின் கதை. அதைச் சொல்லத் தொடங்கினால் குரல் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியாது.

இந்த ஞாயிறு அதைச் சொல்வதென்று முடிவு செய்தாள். முன் வரிசையில் பவுனம்மாளை உட்கார வைத்துச் சொல்வது.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் நடந்தது. ஷாமினிக்கு இருபத்தாறு வயது. பவுனம்மாளின் மகன் சுகுமாறனும் அவளும் பல்கலைக்கழகத்திலேயே பழகியவர்கள். வீட்டில் சொல்லி, பேசி, மாப்பிள்ளை வீடு பார்க்க அப்பா நாகையாவும் அவளும் கிள்ளானுக்குப் போனார்கள். அம்மா இல்லாத வீடு, அதனால் இரண்டே பேர். நாகையா நகராண்மைக் கழகத்தில் தெருக் கூட்டி ஓய்வு பெற்றவர். அன்றைக்குப் புதுச் சட்டை வாங்கிப் போட்டிருந்தார்.

காப்பி வந்தது. பேச்சு வந்தது. பிறகு பவுனம்மாள் கேட்டாள்.

"பூர்வீகம் எந்தத் தோட்டம்?"

"கேரித் தீவும்மா."

"எந்த லயம்?"

தோட்டத்துக் குடும்பங்களில் இப்படித்தான் கேட்பார்கள். சாதி என்ன என்று யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். சாதிக்கொரு லயமாகத்தான் வரிசை வீடுகள் இருக்கும்; எந்த லயத்து வீடு என்று தெரிந்தால் போதும். நாகையாவுக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை. தான் பிறந்த இடத்தைப் பற்றி ஒருவர் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று பூரித்துப்போனார்.

"கடைசி லயம்மா, ஆத்தோரம். எங்கப்பாதான் தப்பு அடிப்பாரு. அவரு அடிச்சா நாலு டிவிசனுக்கும் கேக்கும்!"

பவுனம்மாள் சிரித்தாள். பலகாரத் தட்டை நகர்த்தி வைத்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

கார் முனை திரும்பியதும் நாகையா தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டதாகச் சொன்னார். ஷாமினி காரை நிறுத்திவிட்டு நடந்து போனாள். கேட் திறந்துதான் கிடந்தது. முன்வாசலில் அப்பா உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலி. பக்கத்தில் வாளி. பவுனம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மஞ்சள் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினாள். கண்ணாடிக்கூடு தரையில் நனைந்து கிடந்தது.

ஷாமினி சத்தம் போடாமல் திரும்பி வந்தாள். "கிடைக்கலப்பா," என்றாள்.

அன்று மாலையே சுகுமாறனைப் போனில் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவன் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி என்றான். அவனும் உடைந்து போயிருப்பான், அதனால்தான் வார்த்தை வரவில்லை என்று பல வருடம் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்பாவிடம், "எனக்கு மனசு மாறிடுச்சு," என்று மட்டும் சொன்னாள். உண்மையைச் சொன்னால் அந்த நாற்காலியை அவர் சாகிறவரை சுமப்பார். அது அவளுக்குத் தெரியும். அதனால் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். ஆனால் நாகையா என்ன செய்தார்? ஒரு வாரம் கழித்துப் பழத்தட்டோடு தனியாகப் பஸ் ஏறி கிள்ளானுக்குப் போய், மகள் செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அதோடு விட்டாரா? தீபாவளிக்குத் தீபாவளி ஒரு டின் முறுக்கு. ஒன்பது தீபாவளி. கோவிட் வந்த வருடம்தான் நின்றது. "நல்ல மனுசங்க ஷாமினி, வாசல்லயே வந்து வாங்கிக்கிட்டாங்க," என்பார். ஒவ்வொரு தடவையும் காரை ஓட்டியவள் அவள்தான். காருக்குள்ளேயே உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஞாயிறு வந்தது. நாகையாவை அன்றைக்கு மட்டும் வீட்டில் இருக்கச் சொன்னாள்.

"அதெப்படிம்மா? வர்றவங்களுக்கு இஞ்சித் தேத்தண்ணி யாரு போடுவா?" என்று அவளுக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். எழுபத்தேழு வயதிலும் அந்த ஒரு வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

பத்து மணிக்கு நாற்காலிகள் நிரம்பின. கீழே பூக்கடையின் மல்லிகை வாசனையும் மேலே இஞ்சி வாசனையும் கலந்து வந்தன. கடைசியாக, மகன் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று பவுனம்மாள் ஏறி வந்தாள். வாசலிலேயே சுகுமாறனின் முகம் வெளுத்துவிட்டது. கீழே பெயர்ப்பலகையில் இருந்த ஷாமினியின் பெயரை அவன் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

"வாங்கம்மா, வாங்க!" நாகையா தட்டை வைத்துவிட்டு ஓடினார். "அடடா, எத்தன வருசமாச்சு! அய்யா தவறிட்டாருன்னு கேள்விப்பட்டேன், வரணும்னு நெனச்சேன், கால் வலி…"

"யாரு, நாகையாவா?" பவுனம்மாள் கண்ணைச் சுருக்கினாள். "அட, இது உங்க பொண்ணு ஆபீசா? அவருக்குக் கயாவுல பிண்டம் வைக்கணும்னுதான் நான் வரேன். ஒரே மகன், அவனுக்கு லீவு கிடைக்கல, நானே போறேன்."

"எங்க புண்ணியம்மா." நாகையா குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் அறைக்கே கேட்டது. "அன்னைக்கு நடந்தத இன்னும் மனசுல வெச்சுக்காதீங்கம்மா. சின்னப் பொண்ணு, புத்தி பத்தல."

பவுனம்மாள் கையை ஆசீர்வாதம் மாதிரித் தூக்கினாள். "விடுங்க நாகையா. அதையெல்லாம் நான் எப்பவோ மன்னிச்சாச்சு."

மன்னித்துவிட்டாளாம்.

ஷாமினி கையிலிருந்த மைக்கை இரண்டு தடவை தட்டினாள். தட்டிய சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

காசியைச் சொன்னாள். பவுனம்மாள் நடுவில் புகுந்து எந்தக் கரையில் எத்தனை முழுக்கு என்று திருத்தினாள். கயாவைச் சொன்னாள். பிண்டத்துக்கு எள் கறுப்பா வெள்ளையா என்று பவுனம்மாள் தீர்ப்புச் சொன்னாள். எதற்கும் அவளிடம் ஒரு முறை இருந்தது. பின் வரிசைப் பெண்கள் பக்தியோடு கேட்டுக்கொண்டார்கள்.

"பேசாம ஆன்டியே மைக்கப் புடிங்கலா," என்றாள் லெட்சுமி அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். பவுனம்மாளும் சிரித்தாள்.

"இப்ப சிராவஸ்தி," என்றாள் ஷாமினி. "இன்னைக்கு நான் யாருக்கும் சொல்லாத ஒரு கதையச் சொல்றேன்.

"சிராவஸ்தி ராஜாவுக்குப் புத்தர் பொறந்த சாக்கியர் குலத்துல ஒரு பொண்ணு எடுக்கணும்னு ஆசை. சாக்கியர்களுக்குத் தங்க குலத்த விட்டா ஒசந்தது கிடையாது. ஆனா பெரிய ராஜா, முடியாதுன்னு சொல்லப் பயம். அதனால ஒரு அடிமைப் பொம்பளைக்குப் பொறந்த பொண்ண இளவரசின்னு பொய் சொல்லி அனுப்பிட்டாங்க. அவளுக்குப் பொறந்தவன்தான் விடூடபன். பதினாறு வயசுல, பாட்டன் வீட்டப் பாக்கணும்னு ஆசையா போனான். வரவேற்பு, விருந்து, ஒண்ணும் கொறையில்ல. எல்லாரும் சிரிச்ச முகம். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாங்க."

அவள் பவுனம்மாளைப் பார்த்தே பேசினாள். பவுனம்மாள் தேத்தண்ணீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் கூட வந்த ஒரு வீரன் ஆயுதத்த மறந்து வெச்சுட்டான். எடுக்கத் திரும்பிப் போனான். போனா, இளவரசன் உட்கார்ந்த ஆசனத்தப் பாலும் தண்ணியும் ஊத்திக் கழுவிட்டிருந்தாங்க. அடிமைக்குப் பொறந்தவன் உட்கார்ந்த எடம், தீட்டுன்னு."

"சீ!" என்றது ஒரு குரல். "வீட்டுக்கு வந்த புள்ளைய!" என்றது இன்னொன்று.

"அதுசரி, பாலு ஊத்தினா ஈ மொய்க்காது?" லெட்சுமி அக்காவுக்கு எதிலும் ஒரு சந்தேகம் வந்துவிடும்.

பவுனம்மாளுக்கு ஒரு முறை தப்பாகச் சொல்லப்படுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. டம்ளரை மடியில் இறக்கினாள்.

"பாலெல்லாம் ராஜா வீட்டுலம்மா. நமக்கு மஞ்சத் தண்ணிதான். மூணு தரம் மஞ்ச, நாலாவது தரம் நல்ல தண்ணி. மரமோ பிரம்போன்னா அதோட விடக்கூடாது, ஒரு வாரம் வெயில்ல போடணும். நானே ஒருக்கா…"

நிறுத்திக்கொண்டாள். ஆனால் அந்த 'நானே' எல்லாருடைய காதிலும் விழுந்துவிட்டது. மோனோரெயில் ஒன்று சன்னலைக் கடந்து போனது.

நாகையா கையில் தட்டோடு நின்றிருந்தார்.

"எப்பம்மா?" என்றார்.

"என்ன எப்ப? பெரியவங்க சொல்லக் கேட்டிருக்கேன்…"

"பிரம்பு நாற்காலி." அவர் யோசித்து யோசித்துப் பேசினார். "நான் பழம் எடுத்துட்டு வந்த அன்னைக்கு வெளிய வெயில்ல கிடந்துச்சு. மூட்டைப்பூச்சிக்குப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். நல்ல வெயிலும்மான்னு சொல்லிட்டு அதுலயே உட்கார்ந்தேன்."

யாரோ இருமினார்கள்.

நாகையா மகள் பக்கம் திரும்பினார். "நீ கண்ணாடிக்கூட்ட எடுக்கத் திரும்பிப் போனியே ஷாமினி. அப்ப எதாச்சும் பாத்தியா?"

பதினான்கு வருடமாக அவள் காத்திருந்தது பவுனம்மாளின் முகத்தைப் பார்க்க. இந்தக் கேள்விக்காக அவள் காத்திருக்கவில்லை. என்றைக்காவது கேட்டால் சொல்வதற்காக ஒரு 'இல்ல' வைத்திருந்தாள். அதை இப்போது சொன்னால் போதும். அப்பா தலையாட்டிவிட்டு மிச்ச டம்ளர்களைக் கொடுத்துக்கொண்டு போய்விடுவார். பவுனம்மாளும் தப்பித்துப் போய்விடுவாள். முன் வரிசையில் அந்தக் கழுத்து மறுபடியும் நிமிரத் தொடங்கியிருந்தது. ஷாமினி அதைப் பார்த்தாள்.

"பாத்தேன்பா," என்றாள். "மூணு தரம் ஊத்தினாங்க. உங்க கண்ணாடிக்கூடு தரையில கிடந்துச்சு."

சொன்ன கணத்தில் அவளுக்கு இனித்தது. அதை அவள் பிறகு யாரிடமும் மறைத்ததில்லை. பவுனம்மாளின் முகத்திலிருந்து சிரிப்பும் மிடுக்கும் ஒவ்வொன்றாக வடிந்துபோனதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். சுகுமாறன் தன் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. ஏன் என்று கேட்காதவனுக்கு ஏன் என்று தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

நாகையா தட்டை மேசைமேல் வைத்தார். பவுனம்மாள் முன்னால் போய் நின்றார்.

"நான் கேட்ட மன்னிப்பத் திருப்பிக் குடுங்க."

"என்ன?"

"பழத்தட்டோட வந்து கேட்டேன். உங்க வீட்டுக்காரர் கால்ல விழுந்து கேட்டேன். கொஞ்சம் முன்னாடி இங்க, இத்தன பேர் முன்னாடியும் கேட்டேன். தப்பான எடத்துல குடுத்துட்டேன். திருப்பிக் குடுங்க."

"எழுவத்தி மூணு வயசுல என்னையக் கால்ல விழச் சொல்றீங்களா?" பவுனம்மாளின் குரல் உடைந்தது. ஆனாலும் கேட்டாள். "ஊரு உலகத்துல செய்யாததையா செஞ்சுட்டேன்?"

சுகுமாறன் சட்டென்று குனிந்தான். நாகையா இரண்டு அடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

"நீ இல்ல தம்பி. நீ எந்திரி."

பின் வரிசையில் இரண்டு பெண்கள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். பிறகு கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் முன்புவரை பவுனம்மாளிடம் எள்ளின் நிறம் கேட்டவர்கள் இப்போது அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

"எனக்கு யாத்திரையும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்று பவுனம்மாள் எழப் பார்த்தாள். எழ முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது.

சுகுமாறன் ஷாமினி அருகில் வந்தான். பதினான்கு வருடத்தில் முதல் தடவை அவள் பெயரைச் சொன்னான். "ஷாமினி, அப்பாவுக்குத் திதி. அம்மா போகலன்னா அது நடக்காது. வேற யாராச்சும் கைடு இருந்தா…"

"வேற யாரும் இல்ல. நான்தான் போறேன்." அவள் சத்தமாகவே சொன்னாள். "ஆன்டி கண்டிப்பா வரணும். பன்னிரண்டு நாளு. காசியில படித்துறை செங்குத்தா இருக்கும். என் கையப் புடிச்சுத்தான் எறங்கணும். வண்டியில தண்ணி நான்தான் குடுப்பேன், மாத்திரை நான்தான் எடுத்துத் தருவேன். அவங்க பக்கத்து சீட்டு எனக்கு. பேர் பாத்த அன்னைக்கே போட்டு வெச்சுட்டேன்."

பவுனம்மாள் அவளைப் பார்த்தாள். பயந்த பார்வை. ஷாமினிக்கு அதுவும் பிடித்திருந்தது.

"கதைய முடிக்கலியே," என்று பின்னாலிருந்து யாரோ மெதுவாகக் கேட்டார்கள். "அந்தப் பையன்… விடூடபன் என்ன ஆனான்?"

ஷாமினி முடித்தாள். "அந்த ஆசனத்த அவங்க ரத்தத்தாலேயே கழுவுவேன்னு சபதம் போட்டான். ராஜாவானதும் படையெடுத்துப் போனான். மூணு தடவை புத்தர் வழியில ஒரு மொட்டை மரத்தடியில வந்து உட்கார்ந்தார். அவரப் பாத்ததும் மூணு தடவையும் திரும்பிட்டான். நாலாவது தடவை அவர் வரல. சாக்கியர்கள வெட்டிப் போட்டான். திரும்பி வர்றப்ப சிராவஸ்தி பக்கத்துல, அசிரவதி ஆத்து மணல்ல படையோட தங்கினான். வெள்ளம் வந்துச்சு. அவனையும் அடிச்சுட்டுப் போயிடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "தொப்பி, குடை, மூட்டு வலி மருந்து மறக்காம எடுத்துக்குங்க," என்றாள்.

எல்லாரும் போன பிறகு அறை பெரிதாகிவிட்டது. நாகையா தொட்டியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஷாமினி துடைக்கத் துணியை எடுத்தாள். அவர் அந்தத் துணியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒம்போது டின்னு," என்றார் திரும்பாமலே. "ஒவ்வொரு தடவையும் காரு ஓட்டினது நீ. வாசல்ல வாங்கி உள்ள கொண்டுபோய் எங்க கொட்டினாங்கன்னு உனக்குத் தெரியும்ல?"

"உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்பா…"

"அப்பச் சொல்லிருந்தா எனக்கு அறுபத்தி மூணு வயசு. கோவப்படத் தெம்பு இருந்துச்சு. நடந்தே போயி அந்தக் கேட்ட ஒடச்சிருப்பேன். இப்பச் சொல்ற." அவர் ஒரு டம்ளரை வெகுநேரம் தேய்த்தார். "பதினாலு வருசம் நீ தனியா கோவப்பட்டுக்கிட்ட. எனக்கு ஒரு வாய் குடுக்கல."

காலையில் இனித்தது இப்போது அவளுக்கு இனிக்கவில்லை. துப்பவும் முடியவில்லை.

குழாயை மூடிவிட்டு அவர் கைகளைத் துடைத்தார். குரல் மாறியிருந்தது. வேலை சொல்கிற குரல்.

"நல்லபடியா கூட்டிட்டுப் போ. விழாமப் பாத்துக்க. நல்லபடியா கொண்டாந்து சேத்துடு."

"சரிப்பா."

"அங்க ஆத்தோரமோ கோயில்லயோ, மனசு எளகி, உன் கையப் புடிச்சுட்டு அந்தம்மா மன்னிப்புக் கேட்டாலும் கேக்கும். நீ வாங்கிக்கிடாத."

"ஏம்பா?"

"அது உன்னுது இல்ல. இங்க வந்து, இந்த மாடிப்படி ஏறி, என் கையில குடுக்கணும். நான் இருக்கேன்." சுவர் நாட்காட்டி முன்னால் போய் நின்றார். "எத்தனாந்தேதி திரும்பி வர்றீங்க?"

அவள் சொன்னாள். நாகையா மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டார். மை சரியாக விழவில்லை என்று அதன்மேலேயே இன்னொரு தடவை அழுத்திப் போட்டார்.